மழைநீரும் மாநகரும்

சென்னை மாநகரிலிருந்து பூந்தமல்லி வழியாகப் பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், திருமழிசையைக் கடந்து சிறிது தொலைவு சென்றால் குத்தம்பாக்கம் என்னும் ஊரை அடையலாம். இது திருவள்ளூர் மாவட்டத்தில் பூந்தமல்லி ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தது. ஊருக்கு வடக்கே கூவம் ஆறு ஓடுகிறது. தெற்கே செம்பரம்பாக்கம் ஏரி பரந்து கிடக்கிறது. கூவத்து நீரில் ஒரு பகுதியை ஜமீன் கொரட்டூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு கால்வாய் இவ்வேரிக்குக் கொண்டு சேர்க்கிறது. ஆறும் ஏரியும் கால்வாயும் சூழ்ந்த இந்நிலத்தில் பெய்யும் மழை, பெய்த இடத்திலேயே நின்றுவிடுவதில்லை. தாழ்ந்த இடம் நாடிச் செல்லும் அந்நீர், மிகுதிப்படும்போது மாநகரின் வழியாகவே கடலை அடைய வேண்டும். ஆகவே மாநகரின் வெள்ளத்தைப் பற்றி அறிய விரும்புவோர், மாநகரின் தெருக்களினின்று தொடங்குவதினும் இத்தகைய ஊர்களினின்று தொடங்குதல் பொருத்தமாகும்.

தொண்டை நாட்டிற்குக் காவிரி போன்ற பேராறு இல்லை. பாலாறும் பெரும்பாலான நாட்களில் மணலாறாகவே காட்சி தரும். சென்னைப் பகுதியில் ஓராண்டில் பெய்யும் மழை சராசரியாக ஏறத்தாழ 140 சென்டிமீட்டர். அதிற் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மூன்று திங்களிலேயே பெய்துவிடும். அதிலும் பெரும்பகுதி சில நாட்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். சில நாள் வெள்ளம், பல நாள் வறட்சி என்பதே இந்நாட்டின் இயல்பு. இவ்வியல்பை நன்கறிந்த முன்னோர் ஊர்தோறும் ஏரி வெட்டினர். மேட்டு நிலத்து ஏரி நிரம்பினால் மிகுந்த நீர் கலங்கல் வழியாக வெளியேறி, அடுத்த ஏரியை அடையும். அதுவும் நிரம்பினால் அதற்கடுத்த ஏரியை அடையும். சங்கிலியின் கண்ணிகள் போல ஏரிகள் ஒன்றோடொன்று இணைந்திருந்தன.

ஏரியைக் காப்பதற்கு ஆட்சிமுறையும் இருந்தது. உத்திரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள் உள்ளன. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த அவை, ஊராட்சிக்கு உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்ததைக் கூறுகின்றன. அவ்வாறு அமைந்த வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம். ஏரியைப் பேணுவதற்கென்றே தனிக் குழு அமைத்த நாடு இது. பிற்காலத்திலும் கரையை உயர்த்துதல், தூர் வாருதல், மதகைச் செப்பனிடுதல் ஆகிய பணிகளை ஊரார் ஒன்றுகூடிச் செய்தனர். அதற்குக் குடிமராமத்து என்று பெயர்.

ஏரி இரண்டு நன்மைகளைச் செய்கிறது. மழைக்காலத்து நீரைத் தேக்கிக் கோடைக்கு உதவுவது ஒன்று. இஃது எல்லாரும் அறிந்ததே. ஒரே நாளில் ஓடி வரும் வெள்ளத்தைத் தடுத்து நிறுத்தி, பல நாட்களில் சிறுகச் சிறுக வெளியேற்றுவது மற்றொன்று. இந்த இரண்டாவது நன்மையை நகரம் மறந்துவிட்டது. மறந்ததன் பயனைப் பின்னாளில் நகரமே நுகர நேர்ந்தது.

நகரம் வளரத் தொடங்கியபோது ஏரிகள் வெறும் நிலமாகவே கருதப்பட்டன. இன்று தியாகராய நகர் இருக்கும் இடத்தில் மாம்பலம் ஏரி இருந்தது. 1920-களில் அந்த ஏரியின் நீரை வெளியேற்றிவிட்டு, அங்கே குடியிருப்பு அமைக்கப்பட்டது. தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் பல ஏரிகளின் மிகுநீரை ஏற்றுக் கடலுக்கு விடுத்துவந்தது. அது கட்டடங்களாலும் சாலைகளாலும் குப்பை மேட்டாலும் நெருக்குண்டு, தன் பழைய பரப்பில் ஒரு சிறு பகுதியாகக் குறுகிவிட்டது. 2022-ஆம் ஆண்டில் இது உலகச் சிறப்புடைய ஈரநிலமாக ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. அச்சிறப்பு வந்தபோது எஞ்சியிருந்தது அச்சிறு பகுதியே.

2015-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் சென்னை நுங்கம்பாக்கத்தில் ஏறக்குறைய 105 சென்டிமீட்டர் மழை பெய்தது. 1918-ஆம் ஆண்டு நவம்பருக்குப் பின் அத்திங்களில் அவ்வளவு மழை பெய்ததில்லை. ஏரிகள் நிரம்பின, நிலம் ஊறி, மேலும் ஒரு துளியையும் ஏற்காத நிலையை அடைந்தது. அந்நிலையில் டிசம்பர் முதல் நாள் தொடங்கிய பெருமழை, 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும், நுங்கம்பாக்கத்தில் 29 சென்டிமீட்டரும் பெய்தது.

இவ்வளவு மழை என்பது எவ்வளவு நீர் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு கோடி லிட்டர் நீராகும். சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். நகர் முழுவதும் 29 சென்டிமீட்டர் பெய்தது என்று கொண்டால், விழுந்த நீர் 12,000 கோடி லிட்டருக்கும் மிகுதியாகும். செம்பரம்பாக்கம் ஏரி முழுதும் நிரம்பினால் கொள்ளும் நீர் 364 கோடியே 50 இலட்சம் கன அடி; அஃதாவது ஏறக்குறைய 10,300 கோடி லிட்டர். ஆகவே அன்று ஒரு நாளில் நகரின்மீது மட்டும் விழுந்த நீர், செம்பரம்பாக்கம் ஏரியையே நிரப்பி வழியச் செய்யப் போதுமானது. நகருக்கு வெளியேயுள்ள ஊர்களிலிருந்து ஓடிவந்த நீர் இக்கணக்கில் சேரவில்லை.

அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டது. ஒரு விநாடிக்கு எட்டு இலட்சம் லிட்டருக்கு மேற்பட்ட அந்நீர், திருநீர்மலை அருகே அடையாற்றோடு கலந்தது. அடையாறோ தன் பகுதியில் பெய்த மழையாலேயே முன்னரே நிறைந்திருந்தது. முடிச்சூர், மணப்பாக்கம், ஈக்காட்டுத்தாங்கல், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் முதலிய இடங்களில் ஆறு கரை கடந்தது. நள்ளிரவில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. மக்கள் மாடிகளிலும் கூரைகளிலும் ஏறி உயிர் காத்துக்கொண்டனர். மீனவர் தம் படகுகளைத் தெருக்களில் செலுத்திப் பலரை மீட்டனர். ஆயினும் அவ்வாண்டின் மழையாலும் வெள்ளத்தாலும் நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர்.

இவ்வெள்ளம் இயற்கையின் செயலா, மனிதரின் பிழையா என்னும் வினா எழுந்தது. இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை 2018-ஆம் ஆண்டு தமிழ்நாடு சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அது செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நீர் விடப்பட்ட முறையைக் குறை கூறியது. நீர்நிலைகளின் ஆக்கிரமிப்பைத் தடுக்காததையும் எடுத்துக்காட்டியது. விதிமுறைப்படியே நீர் விடப்பட்டது என்பது அரசின் விடையாக இருந்தது. எப்படியாயினும் ஒன்று தெளிவாயிற்று. மழையைத் தடுத்தல் யாராலும் இயலாது. மழைநீர் செல்லும் வழியைத் திருத்துதல் இயலும்.

அவ்வழியைச் சென்னை திருத்திக்கொண்டதா? இவ்வினாவிற்கு விடை காணுமுன், வடிகால் என்பது யாது என்று அறிதல் வேண்டும். வீட்டுக் கழிவுநீரைக் கொண்டுசெல்லும் குழாய் வேறு. மழைநீர் வடிகால் வேறு. தெருவின் ஓரத்தில் மூடிய வாய்க்காலாக அமைந்த மழைநீர் வடிகால், தெருநீரை அருகிலுள்ள கால்வாயில் சேர்க்கும். கால்வாய் ஆற்றிலோ பக்கிங்ஹாம் கால்வாயிலோ சேரும். அவை முகத்துவாரத்தின் வழியே கடலிற் கலக்கும். தெரு, வடிகால், கால்வாய், ஆறு, முகத்துவாரம் என்னும் ஐந்தும் முறையே ஒன்றைவிட ஒன்று தாழ்ந்திருத்தல் வேண்டும். சென்னையோ கடல் மட்டத்திற்குச் சில மீட்டர் உயரத்தில் தட்டையாகக் கிடக்கும் நகரம். இங்கே நீர் ஓடுவதற்கு வேண்டிய சாய்வு மிகக் குறைவு. ஆதலின் ஓரிடத்தில் சிறிது மணல் படிந்தாலும் நீரின் ஓட்டம் நின்றுவிடும்.

வெள்ளத்திற்குப் பின் பல பணிகள் நடைபெற்றன. 2011-ஆம் ஆண்டில் அம்பத்தூர் முதலிய புறநகர்கள் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டபோது, அவற்றுட் பலவற்றில் முறையான வடிகால் இல்லை. அடையாறு, கூவம் ஆகிய ஆற்றுப்பகுதிகளில் உலக வங்கியின் கடனுதவியோடு வடிகால்கள் கட்டப்பட்டன. கொசஸ்தலையாற்றுப் பகுதிக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 2021-ஆம் ஆண்டில் கடன் வழங்க இசைந்தது. அங்கே எழுநூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வடிகாலுக்குத் திட்டம் வகுக்கப்பட்டது. தெற்கே கோவளம் பகுதிக்குச் செருமனி நாட்டு வளர்ச்சி வங்கி உதவியது. அடையாற்றின் மேற்பகுதி அகலப்படுத்தப்பட்டது. வெள்ளம் வருமுன் அதன் அளவைக் கணித்துக் கூறும் முன்னறிவிப்பு அமைப்பு ஒன்றும் 2019-ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்டது.

2021-ஆம் ஆண்டு நவம்பரில் மீண்டும் பெருமழை பெய்தது. தியாகராய நகர் முதலிய இடங்களில் பல நாள் நீர் தேங்கிற்று. ஏரியாக இருந்த நிலம் தன் பழைய நினைவை மறக்கவில்லை போலும்! அரசு, ஓய்வுபெற்ற ஆட்சிப்பணி அலுவலர் வெ. திருப்புகழ் தலைமையில் அறிஞர் குழு ஒன்றை அமைத்தது. அக்குழுவின் அறிவுரைப்படி வடிகாற் பணிகள் விரைந்தன. அடுத்த ஆண்டு மழையில், முன்பு முழங்கால் அளவு நீர் நின்ற தெருக்கள் பலவற்றில் நீர் விரைவில் வடிந்தது. உழைப்பு வீண்போகவில்லை என்பதற்கு இதுவே சான்று.

ஆயின் 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 3, 4 ஆகிய நாட்களில் மிக்ஜாம் புயல் நகரைக் கடுமையாகச் சோதித்தது. பல இடங்களில் அவ்விரு நாட்களில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெருங்குடி முதலிய பகுதிகளில் நீர் பல நாள் வடியவில்லை. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் வெள்ளம் புகுந்தது. எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய்க் கசிவு வெள்ளத்தோடு கலந்து, மீனவரின் வலைகளையும் படகுகளையும் கெடுத்தது. புதிய வடிகால் கட்டிய தெருக்களிலும் நீர் நின்றது கண்டு மக்கள் வியந்தனர்; சினந்தனர்.

வடிகால் இருந்தும் நீர் வடியாதது ஏன்? காரணம் மூன்று. முதலாவது, வடிகால் ஒரு வழியேயன்றி முடிவிடம் அன்று. புயற்காற்று கடலைக் கரை நோக்கித் தள்ளியபோது ஆறுகளின் நீர் கடலில் எளிதாகக் கலக்க இயலவில்லை. ஆறு நிறைந்தால் கால்வாய் நிறையும். கால்வாய் நிறைந்தால் வடிகால் நிறையும். அந்நிலையில் தெருவிலுள்ள நீர் எங்கே செல்லும்? சென்னையின் முகத்துவாரங்களில் கடலலைகள் ஓயாது மணலைக் கொண்டுவந்து குவிப்பதும் இத்தடையை மிகுவிக்கிறது. இரண்டாவது, வடிகாலிற் குப்பையும் மண்ணும் சேர்கின்றன. சிலர் வீட்டுக் கழிவுநீரையும் அதனுள் விடுகின்றனர். ஆண்டு முழுதும் கழிவால் நிறைந்த வாய்க்கால் மழை நாளில் மழைநீருக்கு இடந்தருமோ? மூன்றாவது, மண் தரை மறைந்து சிமெண்டுத் தரை பெருகிவிட்டது. முன்பு நிலம் உறிஞ்சிய நீரும் இப்போது வடிகாலையே நாடி ஓடுகிறது.

இம்மூன்றாம் காரணத்தோடு தொடர்புடைய செய்தி ஒன்றுண்டு. கோவளம் பகுதியில் கடற்கரையை ஒட்டிய மணற்பாங்கான இடங்களில் வடிகால் கட்டத் தொடங்கியபோது, அங்கு வாழ்வோருட் பலர் அதனை எதிர்த்தனர். மணல் தானே நீரை உறிஞ்சி நிலத்தடியில் சேமிக்கும்போது, அந்நீரை வாரிக் கடலிற் கொட்டுதல் ஏன் என்பது அவர்தம் வாதம். எல்லா நிலத்திற்கும் ஒரே மருந்து பொருந்தாது என்பதை இது காட்டுகிறது.

மற்றொரு நிகழ்ச்சியும் எண்ணத் தக்கது. வெள்ளத்தில் மிதந்த இதே நகரம் நான்காண்டுகட்குள், 2019-ஆம் ஆண்டுக் கோடையில், குடிநீரின்றித் தவித்தது. செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு வெடித்தது. அவ்வாண்டு ஜூலைத் திங்களில் ஜோலார்பேட்டையிலிருந்து இரயில் வண்டியில் நீர் கொண்டுவரப்பட்டது. குடங்களோடு நெடுவரிசையில் நின்ற தாய்மார், நான்காண்டுகட்கு முன் வீட்டிற்குள் புகுந்த நீரை நினைந்திருத்தல் கூடும். நீரை விரைந்து வெளியேற்றுதல் மட்டுமே நோக்கமானால் வெள்ளம் தணியலாம், தாகம் தணியாது. எனவே வடித்தல், தேக்குதல் என்னும் இரண்டும் ஒருங்கே நடைபெறுதல் வேண்டும்.

குத்தம்பாக்கத்தின் கதை இவ்விடத்தில் பயன் தருவதாகும். 1996-ஆம் ஆண்டில் இவ்வூரின் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் இளங்கோ என்பவர். வேதிப் பொறியியல் கற்று, அறிவியல் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய அவர், அப்பணியைத் துறந்து தம் ஊருக்குத் தொண்டு செய்ய வந்தார். ஊர்த் தெருக்களில் நீர் தேங்கிச் சேறாகிக் கிடந்தது. வடிகால் கட்ட வேண்டும், பொருளோ குறைவு. அருகிலிருந்த கருங்கல் மெருகிடும் தொழிற்சாலையில் வேண்டாவெனக் கழித்த கல் துண்டுகள் குவிந்திருந்தன. அக்கற்களைக் கொண்டே ஊரார் வடிகால் அமைத்தனர். மதிப்பிட்ட தொகையில் பெரும்பகுதி மிஞ்சியது. உழைத்த கூலியும் ஊருக்குள்ளேயே நின்றது. தம் தெருவின் வடிகாலைத் தாமே கட்டியவர் அதிற் குப்பை கொட்ட நாணுவர் அன்றோ?

பின்னாளில் மாநகரின் குப்பையை இவ்வூரின் மேய்ச்சல் நிலத்திற் கொட்டுவதற்கு ஒரு திட்டம் வந்தது. ஊரார் அதனை எதிர்த்தனர். தம் மாடுகளுக்காக மட்டும் அவர்கள் வாதாடவில்லை. இங்குள்ள நிலம் செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதி. இங்கே குப்பை குவிந்தால் அதிலிருந்து கசியும் நச்சு நீர் ஏரியை அடையும். ஏரி நீரை அருந்துவோர் மாநகர மக்களே. நகரம் தான் எறிந்ததைத் தானே அருந்த நேரும் என்பதை ஒரு சிற்றூர் நகரத்திற்கு எடுத்துரைத்தது.

இத்தகைய இடர் சென்னைக்கு மட்டும் உரியதன்று. மும்பை மாநகரில் 2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் 94 சென்டிமீட்டர் மழை பெய்தது. அங்கும் மித்தி ஆற்றின் வழி குறுகியிருந்ததே பேரழிவை மிகுவித்தது. ஜப்பான் நாட்டில் தோக்கியோ நகரின் வடபுறத்தில் வெள்ளநீரை ஏற்பதற்கென்றே நிலத்தின் கீழ் ஏறக்குறைய 50 மீட்டர் ஆழத்தில் 6.3 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கம் அமைத்துள்ளனர். 1993-இல் தொடங்கிய அப்பணி 2006-இல் நிறைவுற்றது. சிற்றாறுகளின் மிகுவெள்ளம் சுரங்கத்திற் புகுந்து, பின்னர்ப் பேராற்றில் இறைக்கப்படுகிறது. வெள்ளத்தைச் சிறிது நேரம் வேறிடத்தில் நிறுத்தி வைத்தல் என்பதே இதன் தத்துவம். தொண்டை நாட்டு ஏரி ஆயிரம் ஆண்டுகளாகச் செய்துவந்ததும் அதுவே. அவர்கள் பெரும் பொருள் செலவிட்டு மண்ணுக்குள் அமைத்ததை, இந்நாட்டார் மண்ணின் மேல் முன்னரே பெற்றிருந்தனர்.

ஆகவே, சென்னை தன் வடிகாலைத் திருத்திக்கொண்டதா என்னும் வினாவிற்கு விடை, ஆம் என்பதும் அன்று. இல்லை என்பதும் அன்று. நடுத்தரமான மழை நாளில் நீர் வடிவது முன்னினும் விரைவாகிவிட்டது. பெருமழை நாளில் தாழ்ந்த இடங்களின் துன்பம் இன்னும் தீரவில்லை. தெருவின் வழி திருந்தியுள்ளது. ஆற்றின் வழியும் முகத்துவாரத்தின் வழியும் இன்னும் திருந்த வேண்டும். ஏரிகளின் தூர் வாரப்படவும், வரத்துக் கால்வாய்கள் மீட்கப்படவும் வேண்டும். அங்ஙனம் மீட்கும்போது, கரையோரத்தில் குடிசையிட்டு வாழும் ஏழை மக்கள் வேலையும் பள்ளியும் அருகிலுள்ள இடத்தில் குடியமர்த்தப்பட வேண்டும். ஏரியை மறைத்து எழுந்த பெருங்கட்டடத்தை விட்டுவிட்டுக் குடிசையை மட்டும் அகற்றுவது முறையாகாது.

மாநகரம் இப்போது மேற்கு நோக்கி வளர்கிறது. அதன் மேற்றிசைப் பேருந்துகளுக்கான புதிய முனையத்திற்குக் குத்தம்பாக்கமே இடமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. முனையம் வந்தால் கடைகள் வரும். கடைகளின் பின் வீடுகள் வரும். வீடுகளின் பின் சாலைகள் வரும். நூறாண்டுகட்கு முன் மாம்பலம் ஏரிக்கரையில் நின்ற நிலையிலேயே நகரம் இன்று இங்கு நிற்கிறது. அன்று நேர்ந்த பிழையின் விளைவு இன்னதென இன்று யாவரும் அறிவர். அறிந்த பின்னும் அதே பிழையைச் செய்தால் மழையின்மேற் பழி கூற இயலாது.

வளரும் ஊர்களில் வாழும் மாணவர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. தம் ஊரின் ஏரி எது, அதற்கு நீர் வரும் கால்வாய் எது, அது நிரம்பினால் நீர் செல்லும் வழி எது என்னும் மூன்றையும் ஒவ்வொரு மாணவரும் அறிந்திருத்தல் வேண்டும். அறிந்தவர் அவ்வழியில் வீடு கட்டார். பிறர் அடைக்கவும் விடார். வழி தெரிந்த மக்கள் வாழும் ஊரில், மழை மீண்டும் விருந்தாகவே வந்து செல்லும்.